கென்யால 50% தாண்டினா மட்டும் ஜனாதிபதி ஆக முடியாதா?

கேள்வி: 2022 ஜனாதிபதி தேர்தல்ல ஜெயிச்ச ரூட்டோ 50.49 சதவீதம், தோத்த ஒடிங்கா 48.85, இவ்ளோ டைட்டா போச்சே, அப்புறம் ஏதோ 25 சதவீத ரூல் வேற இருக்குன்னாங்க, அது என்னங்க? புரியவே மாட்டேங்குது.

பதில் 1: மொத்த ஓட்டுல பாதிக்கு மேல வாங்கணும், அதோட 47 கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) குறைஞ்சது 24லயாவது 25 சதவீதம் வாங்கியிருக்கணும். ஒரே இனத்து ஓட்ட மட்டும் வாரிட்டு வந்து உக்காந்துடக் கூடாதுன்னு தான். யாருக்கும் வரலைன்னா முதல் ரெண்டு பேருக்கும் 30 நாளுக்குள்ள மறுபடி போட்டி. ஒரு தடவ ஜெயிச்சா 5 வருஷம், ஒருத்தரு ரெண்டு தடவ தான் ஜனாதிபதியா இருக்கலாம், அவ்ளோதான்.

பதில் 2: 2022ல ரிசல்ட் அறிவிச்ச அன்னிக்கு, அத அறிவிச்ச போமாஸ் ஹால்ல மேடையிலயே தள்ளுமுள்ளு, பாத்தீங்களா? 7 தேர்தல் கமிஷனர்ல 4 பேரு இத ஏத்துக்க மாட்டோம்னுட்டாங்க. ஆனா ஒவ்வொரு பூத்தோட ஓட்டு எண்ணிக்கைய எழுதுற 34ஏ ஃபார்மையும் ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டுட்டாங்க, யாரு வேணா கூட்டிப் பாத்துக்கலாம், எனக்கு இது ரொம்பப் புடிச்சுது.

பதில் 3: கோர்ட்ட விட்டுட்டீங்களே. 7 நாளுக்குள்ள கேஸ் போடணும், 14 நாள்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியாகணும். 2017ல ஜெயிச்ச உஹுரு கென்யாட்டா தேர்தலையே செப்டம்பர் 1 அன்னிக்கு செல்லாதுன்னுட்டாங்க, ஆப்பிரிக்காவுலயே அதுக்கு முன்னாடி நடக்காத விஷயம். மறுதேர்தல்ல ஒடிங்கா நிக்க மாட்டேன்னு ஒதுங்கிட்டாரு, கென்யாட்டாவுக்கு 98 சதவீதம், அது ஒரு கூத்து.

கேள்வி கேட்டவர்: ஓ சரி சரி, அப்போ மந்திரிங்க எம்.பி.யா இருக்கணுமா?

பதில் 1: கூடாது. வெளியாளத் தான் போடணும், பார்லிமென்ட் ஓகே பண்ணணும்.