புதுப்பிப்பு: வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஆய்வாளருக்கான ராமானுஜன் ஃபெல்லோஷிப்

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்த என் தங்கை நாடு திரும்ப எந்த அரசுத் திட்டம் ஏற்றது என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. அவளுக்கு ராமானுஜன் ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது.

சிலர் பரிந்துரைத்த ராமலிங்கசுவாமி திட்டம் உயிரித் தொழில்நுட்பத் துறையுடையது. அவளுடையது பொருளறிவியல் (materials science) என்பதால் பொருந்தவில்லை. ராமானுஜன் திட்டம் 40 வயதுக்கு உட்பட்டு, இந்தியாவில் நிரந்தரப் பணியில் இல்லாதவர்களுக்கு 5 ஆண்டுகள் வழங்கப்படுகிறது. உண்மையில் கைகொடுத்தது, "முதலில் ஆய்வு செய்ய இடம் தரும் நிறுவனத்தைப் பிடியுங்கள்" என்ற ஆலோசனைதான். அறிவிப்புக்குக் காத்திராமல் ஆய்வுத் திட்டத்தை ஒரு பேராசிரியருக்கு அனுப்பி, நிறுவனத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் இட்ட ஒப்புதல் கடிதத்தை முன்பே பெற்றிருந்ததால், கடைசி நேர அலைச்சல் இருக்கவில்லை.

பழைய வழிகாட்டிகளில், இத்திட்டத்தை முன்பு நடத்திய செர்ப் (SERB, அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) என்றே இருக்கும். 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அதன் இடத்தில் வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தளத்தில்தான் தேட வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: மானியம் நிறுவனத்தின் கணக்குக்கு வருவதால், ஒரு புட்டி ரசாயனம் வாங்கவும் அங்குள்ள கொள்முதல் நடைமுறையைக் கடக்க வேண்டியிருக்கிறது. நிரந்தர வேலைக்கு உத்தரவாதமும் இல்லை; திரும்பி வருபவர்களைத் தக்கவைக்க இதைத்தான் அரசு முதலில் சரிசெய்ய வேண்டும். அதுவரை, விண்ணப்பிப்பவர்கள் ஆசிரியப் பணி அறிவிப்புகளைத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வருவது நல்லது.