'தி கில்லிங்' அமெரிக்க ரீமேக் பார்த்தாச்சு, டேனிஷ் மூலத்தைப் பார்க்கலாமா?

நள்ளிரவு ரசிகன்:
ஒரு பெண்ணின் கொலையை விசாரிக்கும் அமெரிக்கத் தொடரான 'தி கில்லிங்'கின் முதல் இரண்டு சீசனையும் முடித்துவிட்டேன். சியாட்டில் மழையும் துப்பறிவாளர் லிண்டனாக வரும் மிரேய் ஈனோஸின் நடிப்பும் ரொம்பப் பிடித்தது, ஆனால் முதல் சீசனின் 13 எபிசோடும் ஓடி முடிந்த பிறகும் கொலையாளி யாரென்று சொல்லாமல் விட்டதில் எனக்குச் செம கோபம். இப்போது 2007-இல் வந்த டேனிஷ் மூலத் தொடரைப் பார்க்கலாமா? 20 எபிசோடு, அதுவும் சப்டைட்டிலோடு. கதைதான் தெரியுமே என்று தயக்கமாக இருக்கிறது. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பனிக்காற்று:
தாராளமாகப் பாருங்கள். கதை தெரியும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் கொலையாளி அதே ஆள் இல்லை. ஆரம்பம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும்: தண்ணீரிலிருந்து காரை வெளியே இழுக்கும் இடத்துக்கு அப்பா ஓடி வருகிறார், போனின் மறுமுனையில் அம்மா, என்ன நடந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, கணவன் மகளின் பெயரைச் சொல்லிக் கதறுவது மட்டும் காதில் விழுகிறது. இரண்டிலும் உலுக்கும் காட்சி அது. ஆனால் டேனிஷ் தொடர் அந்த வீட்டை விட்டு நகரவே நகராது, துக்கம் எப்படி ஒவ்வொரு நாளும் வேறு முகம் காட்டுகிறது என்று பொறுமையாகக் காட்டும். ஒரு எபிசோடு ஒரு நாள் என்ற கணக்கும் அதற்குக் கைகொடுக்கிறது.

அப்புறம் அரசியல். கோபன்ஹேகன் மேயர் தேர்தலில் பல கட்சிகள், கூட்டணி பேரம். மேயர் வேட்பாளர் ஹார்ட்மன் மேல் கொலைச் சந்தேகத்தின் நிழல் விழுந்தாலே போதும், பேசி வைத்த கூட்டணி ஆட்டம் காணும். சியாட்டிலில் அது இரண்டு பேர் மோதலாகச் சுருங்கியதால் அந்தப் பதற்றம் பாதிதான் வந்தது.

வழிப்போக்கன்:
ரீமேக்கை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. லிண்டனின் கூட்டாளி ஹோல்டரை மறந்துவிட்டீர்களா? டேனிஷில் நாயகியான துப்பறிவாளர் லுண்டோடு வரும் சக போலீஸ்காரர் யான் மேயர் நல்ல பாத்திரம்தான், ஆனால் போதையிலிருந்து மீண்டு வந்தவன், யாரும் முழுசாக நம்பாதவன் என்று ஹோல்டராக நடித்த ஜோயல் கின்னமனுக்கு எழுதிய பாத்திரம் புதுசு. முதல் சீசனின் 11-வது எபிசோடில் விசாரணையை ஓரமாக வைத்துவிட்டு, லிண்டனின் மகனைத் தேடி இருவரும் நாள் முழுக்கக் காரில் சுற்றுவார்களே, துப்பு எதுவும் நகராத அந்த எபிசோடுதான் எனக்கு அந்த சீசனிலேயே ஆகச் சிறந்தது.

பனிக்காற்று:
சரி, ஹோல்டர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி நீளத்தைப் பாருங்கள். டென்மார்க் 20 நாளில் முடித்த வழக்கை அமெரிக்கா 26 எபிசோடுக்கு இழுத்தது. நடுவில் வந்த தவறான தடங்கள் பலதும் நேரத்தைத் தின்றதுதான் மிச்சம்.

கறுப்புக்குடை:
ஒரு விஷயம். டென்மார்க்காரர்களும் காத்திருந்தவர்கள்தான், முதல் 10 எபிசோடு 2007 தொடக்கத்தில், மீதி 10 அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் ஒளிபரப்பானது. அங்கே நின்றது கதையின் பாதியில். அமெரிக்கத் தொடர் நின்றது சீசன் முடிவில், அதுவும் பதில் கிடைத்துவிட்டது என்று நம்ப வைத்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் கைவிரித்தது. உங்கள் கோபம் நியாயமானதுதான். சப்டைட்டிலுக்கும் பயப்படாதீர்கள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியாது என்பதால் லுண்டாக நடிக்கும் சோஃபி கிரோபோல் பேசாமல் நிற்கும் இடங்களைக்கூடத் தவற விடமாட்டீர்கள்.

நள்ளிரவு ரசிகன்:
கொலையாளி வேற ஆளா! அது ஒன்று போதும். இன்று ராத்திரியே முதல் எபிசோடு.