புதுப்பிப்பு: சர்க்கரையைக் குறைத்து ஆறு வாரம்

முழங்கால் வலி, மதிய அசதி, ஓடிய மறுநாள் படியிறங்க முடியாத நிலை என்று முன்பு புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. "முதல்ல குடிக்கிறதைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னது சரிதான். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2015). நான் குடித்ததோ தினம் இரண்டு கேன்!

முதல் வாரம் தலைவலி, எரிச்சல். வீட்டில் யாரும் என் பக்கம் வரவில்லை. பிறகு மதிய அசதி போனது. இரவில் நன்றாகத் தூங்குகிறேன். ஓடிய பின் வரும் தசைவலி இப்போது சீக்கிரம் ஆறுவது அந்தத் தூக்கத்தால்தான் என்பது என் ஊகம்.

முழங்கால்? காலை இறுக்கம் குறைந்திருக்கிறது, வலி முழுசாகப் போகவில்லை. எடை மூன்று கிலோ இறங்கியதும் காரணமாக இருக்கலாம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வாழைப்பழத்தை மட்டும் விடவில்லை. தசையில் தீர்ந்த கிளைகோஜன் (ஓடுவதற்கான சக்திக்காகத் தசை சேமித்து வைக்கும் சர்க்கரை) நிரம்ப வேண்டுமே.