ஜிடிபி சோதனைத் தொகுப்பில் அட்டாச் சோதனைகள் மட்டும் தோற்கின்றன: உதவி தேவை

கட்டுநிரல்:
வணக்கம். ஜிடிபி என்னும் பிழைதிருத்தியை மூலநிரலிலிருந்து கட்டினேன். கட்டும்போது ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் சோதனைகளை ஓட்டும் ‘மேக் செக்’ கட்டளையைக் கொடுத்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு பிழைதிருத்தி போய் இணைய வேண்டிய (அட்டாச்) சோதனைகள் எல்லாம் தோற்கின்றன. மற்றவை பெரும்பாலும் தேறிவிடுகின்றன. எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராகத்தான் இயக்குகிறேன் என்பதால் அனுமதிச் சிக்கலாக இருக்க வாய்ப்பில்லை. நாளைக்குள் ஒரு திருத்தத்தை அனுப்பியாக வேண்டும். தயவுசெய்து உதவுங்கள்.

வைகைக்கரை:
எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், தொகுப்பியான ஜிசிசியில் எந்தப் பதிப்பு? மூலநிரல் இருக்கும் அடைவிலேயே கட்டினீர்களா, தனி அடைவிலா? இவை தெரியாமல் எதுவும் சொல்வதற்கில்லை.

நிரலன்77:
இது டுவார்ஃப் சிக்கல் என்றே நினைக்கிறேன். ஜிசிசி 11 முதல் பிழைத்திருத்தத் தகவல்கள் இயல்பாகவே டுவார்ஃப் 5 வடிவில் எழுதப்படுகின்றன. பழைய ஜிடிபியால் அதைப் படிக்க இயலாது. டுவார்ஃப் 4 கேட்டுத் தொகுத்துப் பாருங்கள்.

மூத்தநிரலர்:
டுவார்ஃப் படிக்க முடியாவிட்டால் நிரலை இடையில் நிறுத்தும் முறிவுப்புள்ளிச் சோதனைகளும் சேர்ந்தே விழுந்திருக்கும் என்பதைக்கூட யோசிக்க வேண்டாமா? கேட்பவரும் சுருக்க அறிக்கையில் தோல்விகளை எண்ணிவிட்டு இங்கே வந்திருக்கிறார். முழு விவரமும் ‘ஜிடிபி.லாக்’ கோப்பில் இருக்கிறது. ‘டெஸ்ட்ஸ்’ மாறியில் அட்டாச் சோதனைக் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அந்த ஒன்று மட்டும் ஓடும். சோதனை அடைவிலுள்ள ரீட்மீ கோப்பை ஒருமுறை படித்துவிட்டுக் கேள்வி கேட்பது எல்லோருடைய நேரத்தையும் காக்கும்.

கட்டுநிரல்:
மன்னிக்கவும். ஜிடிபி 14, உபுண்டு 24.04, ஜிசிசி 13. தனி அடைவில்தான் கட்டினேன். லாக் கோப்பில் ‘பிட்ரேஸ்: ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ (மற்றொரு நிரலோடு இணையும் அழைப்புக்கு அனுமதி இல்லை) என்று இருக்கிறது. ரூட்டுக்கே எப்படி அனுமதி மறுக்கப்படும்?

நிரலன்77:
அப்படியென்றால் கர்னலின் யாமா பாதுகாப்புக்கூறுதான் காரணம். உபுண்டுவில் ‘பிட்ரேஸ்_ஸ்கோப்’ மதிப்பு இயல்பாக 1. தன்னால் தொடங்கப்பட்ட நிரல்களை மட்டுமே ஜிடிபி பின்தொடரலாம். அட்டாச் சோதனைகளில் இலக்கு நிரலைத் தொடங்குவது சோதனைகளை ஓட்டும் எக்ஸ்பெக்ட் நிரல், ஜிடிபி அல்ல. மதிப்பை 0 ஆக்கிவிடுங்கள்.

வைகைக்கரை:
அதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். 0 ஆக்கினால் ஒரே பயனரின் எந்த நிரலும் அதே பயனரின் மற்றொரு நிரலின் நினைவகத்தைப் படிக்கலாம். உலாவியில் ஊடுருவிய ஒன்று அஞ்சல் நிரலின் கடவுச்சொல்லை எடுத்துவிட முடியும்.

நிரலன்77:
திறவுகோல்களை வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் போன்றவை தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. உருவாக்குநரின் சொந்தக் கணினியில் இவ்வளவு அச்சம் தேவையில்லை.

வைகைக்கரை:
அப்படிக் காத்துக்கொள்ளாத நிரல்களே மிகுதி என்பதால்தான் யாமா வந்தது. ஒரு சோதனைக்காக முழுக் கணினியின் காவலையும் தளர்த்துவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

பொருநை:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மதிப்பு 1 ஆக இருந்தாலும் உண்மையான ரூட்டுக்கு அந்தத் தடை பொருந்தாது, ஏனெனில் அதனிடம் ‘சிஸ்_பிட்ரேஸ்’ என்னும் தனித்திறன் இருக்கிறது. நண்பரே, நீங்கள் சொல்லும் ரூட், தனிப்படுத்தப்பட்ட சூழலான டாக்கர் கன்டெய்னருக்குள் இருப்பதா? டாக்கர் அந்தத் திறனை இயல்பாகவே பறித்துவிடுகிறது. யாமா மதிப்போ வெளியிலிருக்கும் கணினியுடையது. கன்டெய்னரைத் தொடங்கும்போது ‘கேப்-ஆட்’ விருப்பத்தில் அந்தத் திறனைச் சேருங்கள். 0 ஆக்க வேண்டிய தேவையே இல்லை. நினைவக முகவரிக் குலைப்பை நிறுத்த முடியவில்லை என்ற எச்சரிக்கையும் லாக்கில் இருந்தால், அது கணினி அழைப்புகளைத் தடுக்கும் டாக்கரின் செக்காம்ப் வடிகட்டியால் வருவது. சோதனைக்கான கன்டெய்னரில் மட்டும் அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

மூத்தநிரலர்:
கன்டெய்னர் என்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று: எல்லாச் சோதனைகளும் தேற வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். திருத்தம் இல்லாத மூலநிரலை அதே சூழலில் ஓட்டி, இரண்டு சுருக்க அறிக்கைகளையும் ஒப்பிடுங்கள். புதிதாகத் தோற்றவை மட்டுமே உங்கள் பொறுப்பு.

கட்டுநிரல்:
ஆம், டாக்கர்தான். திறனைச் சேர்த்ததும் அட்டாச் சோதனைகள் தேறிவிட்டன. எஞ்சிய சில தோல்விகள் திருத்தம் இல்லாமலும் அப்படியே வருகின்றன. பொருநைக்கும் மற்றவர்களுக்கும் நன்றி.