கிண்ணமில்லாத ஆட்டம் ஒன்று வேண்டும்

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பியின் மடலையும், அதற்கு ரொறன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்த பதில்களையும் நேற்றிரவு இருந்து படித்தேன். ஊரில் பக்கத்து ஊருடன் நடந்த உதைபந்தாட்ட இறுதியாட்டம் அரைவாசியில் குழம்பியது, நம் பையன்கள் இருவருக்குத் தையல் போட்டது, பக்கத்து ஊர்க் கழகம் இனி நம் மைதானத்தில் கால்வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும் அறிந்தேன். அந்தத் தண்ட உதையை நடுவர் கொடுத்தது சரியா பிழையா என்று வேண்டிய அளவு எழுதிவிட்டீர்கள். நான் அதற்குள் போகவில்லை. நாம் ஆண்டுதோறும் ஊருக்கு அனுப்பும் ஒன்றைப் பற்றியும், இதுவரை ஒருமுறைகூட அனுப்பாத ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் லண்டன் சவுத் ஹரோவில், வீடுகளுக்குப் பின்னால் ஏர்ல்ஸ்மீட் என்றொரு மைதானம். ஹரோ பரோ கழகம் 1934 முதல் ஆடிய இடம். அதற்கு முந்தைய ஆண்டு ரொக்ஸோனியன் என்ற பெயரில் தொடங்கிய கழகம் அது. என் வீட்டிலிருந்து நடை தூரம். தமிழ்க் கடைக்குப் போகும்போதும் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதும் அந்தச் சுவரைக் கடந்து பதினொரு ஆண்டுகள் போய்வந்திருக்கிறேன். அக்காலத்தில் உள்ளே ஒருநாளும் போனதில்லை. தொலைக்காட்சியில் பெரிய கழகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதைபந்தாட்டம் என்றால் இந்த நாட்டில் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு ஜூலை மாதத்து மாலை. பள்ளித் தோழி ஒருத்தி தகப்பனுடன் போகிறாளாம், தானும் போக வேண்டும் என்று நின்றாள். ஹரோ பரோவுக்கும் வீல்ட்ஸ்டோனுக்கும் சிநேகபூர்வ ஆட்டம். லண்டன் வந்துபோன உங்களில் பலர் ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் நிலையத்தில் இறங்கியிருப்பீர்கள். அந்த வீல்ட்ஸ்டோன்தான். நமக்குப் பக்கத்து ஊர் எப்படியோ, ஹரோ பரோவுக்கு அவர்கள் அப்படி.

இங்கே மேலே உள்ள நான்கு பிரிவுகளில் தொண்ணூற்றிரண்டு கழகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இருப்பவற்றையெல்லாம் 'நொன்-லீக்' என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுவார்கள். ஆனால் அங்கும் படிகள் உண்டு. ஐந்தாவது படியில் நாடு முழுவதற்கும் ஒரே பிரிவு. அதற்குக் கீழே வடக்கு, தெற்கு என்று பிரிந்து, பிறகு பிரதேசம் பிரதேசமாக விரிந்துகொண்டே போகிறது. அங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கிழமையில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். வீல்ட்ஸ்டோனில் ஆடிய காலத்தில் ஸ்டூவர்ட் பியர்ஸ் மின்கம்பி வேலை செய்துகொண்டிருந்தார். 1983 இல் கொவென்ட்ரி அவரை வாங்கியது. பின்னர் இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள் ஆடினார். அதே கழகத்தில் ஆடிய வின்னி ஜோன்ஸ் கட்டட வேலைக்குக் கல் சுமந்தவர்.

ஓகஸ்ட்டில் பருவம் தொடங்கும். அதற்கு முந்தைய ஐந்தாறு கிழமைகள் இப்படிப்பட்ட சிநேகபூர்வ ஆட்டங்களின் காலம். அன்றைக்கு வாசலில் வாங்கிய தாளில் அணியின் பெயர்ப்பட்டியல் இருந்தது. சில இலக்கங்களுக்கு நேரே பெயரே இல்லை, 'தேர்வுக்கு வந்தவர்' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். கழகம் இன்னும் எடுக்கவில்லை, ஆடவிட்டுப் பார்க்கிறது. இடைவேளைக்குப் பிறகு பாதி அணி மாறியது. எத்தனை பேரை மாற்றலாம் என்பதை இரு பயிற்சியாளர்களும் முன்பே பேசிவைத்திருந்தார்கள். இளையோர் அணியிலிருந்து வந்த பையன்களும் கடைசி இருபது நிமிடம் இறங்கினார்கள். நடுவரும் கோட்டு நடுவர்களும் முறையாக வந்தவர்கள். சீருடை, கோடு, கொடி எல்லாம் ஒழுங்கு. விளையாட்டு உண்மையான விளையாட்டுத்தான். புள்ளி மட்டும் இல்லை, கிண்ணம் மட்டும் இல்லை.

கம்பிக் கைபிடியில் சாய்ந்துகொண்டு நின்றால் ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கிறது. 'பின்னால் ஆள்' என்று கத்துவது கேட்கிறது. நம் கோயில் வீதியில் நின்று பார்த்ததுபோல இருந்தது எனக்கு. புல்லைப் பார்த்தேன். பச்சைப் பாய் விரித்ததுபோல இருந்தது. மே மாதத்தில் கோல் வாசலில் இருந்த பள்ளங்களை மண்ணிட்டு, விதை தூவி, தண்ணீர் விட்டு வளர்த்ததாம். அதைச் செய்தவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர். வாசலில் டிக்கெட் கிழித்தவர், தேநீர் ஊற்றியவர், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றவர், எல்லாரும் கழகத்துக்காக மாலை நேரத்தைக் கொடுத்தவர்கள்.

நான் பழைய பந்துக்காப்பாளன் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். எனவே என் கண் முழுக்கக் கோல் வாசலில்தான் இருந்தது. ஹரோ பக்கத்தில் நின்ற காப்பாளர் தேர்வுக்கு வந்தவர். பத்தொன்பது வயது இருக்கலாம். ஒரு சாதாரண உயரப் பந்தைப் பிடித்து, கையிலிருந்து நழுவவிட்டு, கோலுக்குள் போகவிட்டார். என் வயிறு கலங்கியது. கூட்டத்திலிருந்து என்ன வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் 'ஓ' என்றார். பின்களத்தில் நின்றவர் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இடைவேளையில் நான் கண்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்திருக்கிறேன். வீல்ட்ஸ்டோனின் மாற்றுக் காப்பாளர் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, அதே மாதிரியான உயரப் பந்தை அந்தப் பையனுக்குத் திரும்பத் திரும்ப உதைத்துக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு பந்துகள் இருக்கும். எதிரணிக்காரர்!

1982 இல் நம் மைதானத்தில் பக்கத்து ஊருடன் நடந்த இறுதியாட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். என் கால்களுக்கு இடையே பந்து போனது. அன்றிரவு வீட்டு வேலிக்குக் கல் விழுந்தது. எறிந்தவர்கள் பக்கத்து ஊரார் அல்லர், நம்மவர்கள். ஐயா மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் பந்தைத் தொடவில்லை. அந்தக் காலத்தில் பக்கத்து ஊர்ப் பையன்களை நான் கிண்ணத்துக்கான ஆட்டங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன். மூன்று கட்டை (மைல்) தூரம்தான். ஒருவனின் பெயரும் எனக்குத் தெரியாது.

நம் ஊர்ப் பக்கத்தில் ஆட்டம் என்றால் சுற்றுப்போட்டி. சுற்றுப்போட்டி என்றால் விலகல் முறை. தோற்றால் வீடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம், கிண்ணத்தில் ஒரு பெயர், அந்தப் பெயருக்குப் பின்னால் வெளிநாட்டில் ஒரு குடும்பம். இந்த ஆண்டு மட்டும் நம் சங்கத்தின் வழியாகப் போன கிண்ணங்கள் ஆறு. அதில் ஒன்று என் ஐயாவின் பெயரில் நான் கொடுத்தது. பெற்றோரை நினைத்துக் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆறு கிண்ணங்களை அனுப்பும்போது ஆறு இறுதியாட்டங்களையும் சேர்த்தே அனுப்புகிறோம். தோற்கக் கூடாத ஆட்டத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு ஆறு முறை கொடுத்திருக்கிறோம். பிழை விட்டுப் பழகுவதற்கு ஓர் ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. பதினேழு வயதுப் பையன் முதன்முதலாகப் பக்கத்து ஊரை எதிர்த்து ஆடுவது ஒலிபெருக்கியும் பிரதம விருந்தினரும் மின்னொளியும் உள்ள இரவில் என்றால், அவன் கை நடுங்காமல் வேறு என்ன செய்யும்?

அன்று ஏர்ல்ஸ்மீட்டில் நான் கற்றுக்கொண்ட இன்னொன்று. இரண்டாம் பாதியில் ஒரு பையன் சூடாகிவிட்டான். இரண்டு முறை பந்தோடு எதிராளியின் காலையும் சேர்த்து உதைத்தான். கிண்ண ஆட்டம் என்றால் அட்டை வந்திருக்கும், அதன்பின் கூட்டம் உள்ளே வந்திருக்கும். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, பயிற்சியாளரிடம் போய்ச் சில வார்த்தைகள் பேசினார். பயிற்சியாளர் அந்தப் பையனை வெளியே எடுத்து வேறொருவனை இறக்கினார். பையன் தண்ணீர்ப் போத்தலுடன் உட்கார்ந்தான். ஒருவருக்கும் மானம் போகவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. இது சிநேகபூர்வ ஆட்டத்தில் மட்டுமே முடியும்.

முடிவு என்ன என்று வீட்டில் கேட்டபோது மகள் ஒரு கணக்குச் சொன்னாள், நான் வேறொன்று சொன்னேன். இன்றுவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்தக் காப்பாளர் இரண்டாம் பாதியில் ஓர் உயரப் பந்தை இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தது இருவருக்கும் அப்படியே நினைவிருக்கிறது.

அன்று என் பக்கத்தில் நின்ற வீல்ட்ஸ்டோன் முதியவர் ஒருவரைப் பற்றியும் எழுத வேண்டும். வீல்ட்ஸ்டோன் 1899 இல் தொடங்கிய கழகம். ஹரோ நகரின் நடுவில் லோவர் மீட் என்ற மைதானம் 1922 முதல் அவர்களுடையது. 1985 இல், அப்போது ஆடிய ஐந்தாவது படியின் பட்டத்தையும், நொன்-லீக் கழகங்களுக்கான கிண்ணமாகிய எஃப்.ஏ. ட்ரொபியையும் ஒரே பருவத்தில் வென்றார்கள். நொன்-லீக் கழகங்களில் அதுவரை ஒருவரும் செய்யாதது. ஆனாலும் மேல் பிரிவுக்குப் போகவில்லை, ஏனெனில் பட்டம் வென்றவர் தானாக மேலேறும் வழி அப்போது இல்லை. அது 1987 இல்தான் வந்தது. 1991 இல் லோவர் மீட் கைவிட்டுப் போயிற்று. அந்த இடத்தில் டெஸ்கோ கடை எழுந்தது. அந்தக் கடையில் எத்தனையோ ஆண்டுகள் அரிசியும் பாலும் வாங்கியிருக்கிறேன், காலுக்குக் கீழே ஒரு மைதானம் இருந்தது என்று தெரியாமல்.

அதன்பின் பதினேழு ஆண்டுகள் அவர்களுக்குச் சொந்த மைதானம் இல்லை. வாட்ஃபர்ட், யேடிங், எட்ஜ்வெயர், நோர்த்வூட் என்று பிறர் மைதானங்களில் குடியிருந்தார்கள். 2008 இல்தான் ரைஸ்லிப்பில் உள்ள குரோவ்னர் வேல் கிடைத்தது. 2020 இல் ஐந்தாவது படிக்கு மீண்டும் ஏறினார்கள். முதியவர் அந்தப் பதினேழு ஆண்டுகளும் பஸ்ஸிலும் ரயிலிலும் பின்னால் போனவர். நான் நம் கதையைச் சொன்னேன். 1990 ஆனியில் போருக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடியது, மைதானம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, மல்லாகத்து அகதி முகாம் ஒழுங்கையில் நம் பையன்கள் துணிப்பந்து உதைத்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "கழகம் கலைந்ததா?" என்பது. இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் எதிரணி யார்? அவர்கள் இருக்கிறார்களா?" என்றார்.

அவர்களும் நம்முடன்தான் ஓடினார்கள். அதே முகாம்களில்தான் இருந்தார்கள். அவர்களுடைய மைதானமும் அதே வேலிக்குள்தான் கிடந்தது. இன்று இரண்டு மைதானங்களும் திரும்பிவிட்டன. ஒன்றில் மற்றவர் கால்வைப்பதில்லை என்று கடிதம்.

என் வேண்டுகோள் இதுதான். நம் சுற்றுப்போட்டிகள் தொடங்குவதற்கு மூன்று கிழமைக்கு முன், ஆண்டுதோறும் பக்கத்து ஊருடன் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். ஓர் ஆண்டு நம் மைதானம், மறு ஆண்டு அவர்களுடையது. முதலில் பதினாறு வயதுக்கு உட்பட்டோர், பிறகு பெரியவர்கள். பெயர் கொடுத்த எல்லாரும் கட்டாயம் இறங்க வேண்டும். அங்குள்ள உதைபந்தாட்ட லீக்கில் பணிபுரியும் நடுவரையே அழைத்து, அவருக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். கிண்ணம், பதக்கம், மாலை, பிரதம விருந்தினர், ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். நன்கொடையாளர் பெயர் எங்கும் வரக் கூடாது, என் பெயரும்தான். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட வேண்டும்.

ஒஸ்லோவிலிருந்து எழுதிய தம்பி, கிண்ணம் இல்லாவிட்டால் பையன்கள் வரமாட்டார்கள் என்கிறார். வருவார்கள் தம்பி. முதல் பதினொருவரில் இடம் யாருக்கு என்பது அந்த ஆட்டத்தில்தான் தீரும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டால் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். அன்று பெயரில்லாமல் ஆடிய அந்தக் காப்பாளரைவிட உயிரைக் கொடுத்து ஆடிய ஒருவரை நான் கண்டதில்லை.

செலவு பெரிதல்ல. வலை, சுண்ணாம்பு, நான்கு பந்துகள், முதலுதவிப் பெட்டி, நடுவர் பணம், சாப்பாடு. அடுத்த ஆண்டு ஐயாவின் கிண்ணத்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை முழுவதுமாக இதற்குத் தருகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஒப்புக்கொண்டார்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னுடன் ஒரே இடத்தில் வேலை செய்கிறார். அவருடைய அண்ணன் 1982 அணியில் பின்களத்தில் நின்றவராம். அவரிடம் பேசினேன். அவர்களுடைய சங்கமும் லண்டனில் கூடுகிறது, எழுத்தில் கேட்டால் எடுத்துப் பேசுவதாகச் சொன்னார். எனவே ஒரு கடிதம் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்துவிடுங்கள், செயலாளர் தம்பி. மாஸ்ரரும் மற்ற மூத்தவர்களும் மொழியைத் திருத்தித் தாருங்கள். இரண்டாம் வரியில் நம் பக்கத்திலிருந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய பந்துக்காப்பாளன்
சவுத் ஹரோ