தடுப்புக் குளம்: கால்வாய் நீர்மட்டத்தை மாடலில் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

வணக்கம். தாம்பரம் பக்கம் 5 ஹெக்டேர் மனைப்பிரிவு, களிமண். மணிக்கு 80 மி.மீ. மழைக்கு வழிந்தோடும் நீர், வீடுகள் வந்தபின் விநாடிக்கு 0.39 கனமீட்டரிலிருந்து 0.78 ஆகிறது (கெழு, அதாவது மழையில் வழிந்தோடும் பங்கு, 0.35, பிறகு 0.70). பழைய அளவுக்கு மேல் வெளியே விடக்கூடாது. அதற்கு, மழைநீரைத் தேக்கி மெதுவாக விடும் 1,440 கனமீட்டர் தடுப்புக் குளம், 1.2 மீ. ஆழம், அடியில் 400 மி.மீ. துளை.

தடையின்றிக் கொட்டினால், குளம் நிறைந்த நிலையில் துளை வழியாக விநாடிக்கு 0.33 கனமீட்டர் போகும். ஆனால் சேருமிடம் ஏரியின் உபரிநீர்க் கால்வாய். வடகிழக்குப் பருவமழையில் கால்வாயில் துளையின் அடிமட்டத்துக்கு மேல் 0.7 மீ. தண்ணீர் நின்றால் 0.24 தான் போகும். ஃபிளாப் கேட் (நீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு) இல்லாவிட்டால் கால்வாய் நீரே உள்ளே ஏறி, பாதிக்கு மேல் கொள்ளளவைத் தின்றுவிடும்.

மழைநீர் ஓட்டத்தைக் கணிக்கும் ஸ்வம் (SWMM) மென்பொருளில் கைனமாடிக் வேவ் என்ற எளிய கணக்கு முறை, கால்வாய் பின்னோக்கித் தள்ளும் இந்த எதிர்நீரைக் கண்டுகொள்ளாது என்பதால் அதையும் கணக்கில் எடுக்கும் டைனமிக் வேவ் முறைதான் ஓடுகிறது. குளத்தை அடுத்த 6 மீ. குழாயில் ஓட்டம் துள்ளியது. டைம் ஸ்டெப்பை (கணக்கிடும் கால இடைவெளியை) 30 விநாடியிலிருந்து 2 ஆக்கியதும் அடங்கிவிட்டது.

கால்வாய் மட்டத்தை 0.7 என்றே நிலையாக வைத்தால் குளம் மிகப் பெரிதாகிறது (மனை போடுபவர் ஒரு சென்ட்கூட விடமாட்டார்). நேரத்தோடு மாறும் டைம் சீரிஸாகக் கொடுப்பவர்கள், கால்வாயின் உச்சத்தை மழை உச்சத்துக்கு எத்தனை மணி நேரம் பின்னால் வைக்கிறீர்கள்? அடுத்தடுத்து மழை வரும்போது குளத்தின் தொடக்க ஆழம் எவ்வளவு?