நாலு பக்கமும் அளந்தாச்சு, எத்தனை பேர்ச்?

செங்கலடியான்: அவசரம். வளவின் நாலு பக்கமும் 80, 60, 75, 35 அடி. எத்தனை பேர்ச் வரும்? பின்னேரம் வாங்குகிற ஆள் வருகிறார்.

வாவிக்கரை: இதே வரிசையிலா அளந்தீர்கள்? 80க்கு எதிரே எது? ஏதாவது மூலை செங்கோணமா?

களுவாஞ்சி மேசன்: எதிர்ப்பக்கங்களைக் கூட்டி இரண்டால் பிரித்துப் பெருக்குங்கள். 77.5 × 47.5. 3681 சதுர அடி. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே பதின்மூன்றரை பேர்ச்.

கணக்கு வாத்தி: தம்பி, இது சாதாரண தரத்துக்கு முந்தியே படிப்பிக்கிற விஷயம். நாலு தடியை முனையில் ஆணியடித்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். சுற்றளவு 250 அடியாகவே நிற்கும், உள்ளே உள்ள நிலம் மாறிவிடும். மூலைவிட்டம் எங்கே?

கல்லடி: நாலு பக்கத்தை வைத்துப் பரப்பளவு காணும் பிரமகுப்தர் சூத்திரம் போடலாமே. அரைச்சுற்றளவு 125. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்துப் பெருக்கினால் 45 × 65 × 50 × 90, வர்க்கமூலம் எடுத்தால் 3628.

கணக்கு வாத்தி: அது வட்ட நாற்பக்கலுக்கு, அதாவது நாலு மூலையும் ஒரே வட்டத்தில் படுகிற வடிவத்துக்கு மட்டும். முதலில் பாடத்தைப் பாருங்கள்.

கல்லடி: தெரியும் சேர். இந்தப் பக்கங்களுக்கு அதுதான் உச்சப் பரப்பளவு. மேசன் அண்ணனின் 3681 அதையும் தாண்டுகிறது. அப்படி ஒரு வளவு இருக்கவே முடியாது.

களுவாஞ்சி மேசன்: அத்திவாரத்துக்கு நாங்கள் இப்படித்தான் பார்க்கிறோம். ஒருநாளும் பிழைத்ததில்லை.

வாவிக்கரை: அத்திவாரம் மூலைமட்டம் வைத்து வெட்டுவது அண்ணன், அதனால் பிழைக்காது. பழைய வளவில் வேலி போன போக்குத்தான் எல்லை.

செங்கலடியான்: ரோட்டுப்பக்கம் 80, அடுத்தது 60, மறுகா 75, 35. 80 தொடங்கும் மூலையிலிருந்து 60 முடியும் மூலைக்கு 100 அடி.

வாவிக்கரை: அப்ப சரி. 80, 60, 100 என்றால் 4, 3, 5 விகிதம், அந்த மூலை செங்கோணம். முக்கோணம் 2400 சதுர அடி. மற்றது 75, 35, 100. முக்கோணத்தின் மூன்று பக்கத்தை வைத்துப் பரப்பளவு காணும் ஹெரோன் சூத்திரத்தில் அரைச்சுற்றளவு 105. 105 × 30 × 70 × 5 இன் வர்க்கமூலம் 1050. மொத்தம் 3450. 272.25 ஆல் பிரித்தால் 12.67 பேர்ச். சராசரிக் கணக்கை நம்பி விலை பேசினால் இல்லாத நிலம் முக்கால் பேர்ச்சுக்கு மேல் சேர்த்துக் காசு கேட்பதாகிவிடும்.

களுவாஞ்சி மேசன்: நாடா தொய்ந்திருந்தால் உங்கள் 100 அடியும் பிழைதானே?

கணக்கு வாத்தி: நியாயமான கேள்வி. மற்ற மூலைவிட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 78 அடிக்குச் சற்றுக் குறைய வர வேண்டும். காணி உறுதி எழுதுவதற்கு எப்படியும் நில அளவையாளரின் வரைபடம் வேண்டும்.

செங்கலடியான்: 77 அடி 10 அங்குலம். ஆள் வந்துவிட்டார், நன்றி.